மான் தீவுக்கும் கட்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய தீவுகளில் கட்சி அரசியல் தேவையில்லை என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவையே (Isle of Man) எடுத்துக்கொள்வோம். அங்கே நாடாளுமன்றத்தின் கீழவையான கீஸ் சபையில் மொத்தம் 24 உறுப்பினர்கள், பெரும்பாலோர் சுயேச்சைகள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் வேட்பாளர் தனக்காக மட்டுமே வாக்குறுதி தர முடியும். யார் முதலமைச்சர் என்பதைத் தேர்தலுக்கு அப்புறம் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அதில் வாக்காளருக்கு நேரடிப் பங்கு இல்லை.

இந்த நிலையில்தான் 2006இல் பீட்டர் கரன் 'லிபரல் வானின்' என்ற மிதவாதக் கட்சியைத் தொடங்கினார். 2011, 2016 தேர்தல்களில் தலா 3 இடங்கள், 2021இல் ஒரே ஒரு இடம். எண்ணிக்கை சிறிதுதான், சரி. ஆனால் 3 பேர் கொண்ட கட்சியில் ஒருவர் அமைச்சரானால், அவர் அமைச்சரவை முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். மற்ற இருவர் அரசைத் தட்டிக் கேட்க வேண்டும். கட்சி எப்படி ஒன்றாக நிற்கும்? தோல்விக்கு மக்களின் வெறுப்பைவிட இந்த அமைப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தேர்தலுக்கு முன்பே பொதுவான கொள்கை அறிக்கையோடு வந்த அந்த முயற்சி மதிக்கத்தக்கது.

– ஒரு வாசகர்