மோரிஸின் டைமிங்: பினாங்கு நண்பனுக்கு ஒரு கடிதம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் மகளின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. குடும்பத்தோடு வருகிறோம். மாப்பிள்ளை வீடு ஈப்போ என்று கேட்டதிலிருந்து நம் லோரிக்காரர் விருந்தைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தனி இலை போடச் சொல்லிவிடு.

அழைப்பிதழோடு நீ வைத்திருந்த குறிப்புதான் என்னை எழுத உட்கார வைத்தது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கணினி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய பழைய மோரிஸ் மைனர் காரில் பெண்ணை உட்கார வைத்து, பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு நீயே ஓட்டிவரப் போவதாக எழுதியிருக்கிறாய். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பின்னுக்கு உதைக்கிறது என்றும், ஆனாலும் மடிக்கணினியில் டைமிங் 10 டிகிரி என்று காட்டுவதால் கவலையில்லை என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலை வந்ததே அந்த 10 டிகிரியால்தான்.

திரையில் தெரியும் எண், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது தீப்பொறி விழ வேண்டும் என்று ஈசியு, அதாவது எஞ்சினை ஆளும் கணினி, எண்ணுகிறதோ அந்த அளவு. பிஸ்டனை அது பார்த்ததே இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லியில் பூட்டிய பற்சக்கரத்தில் 36 பற்களுக்கு ஒன்றை நீக்கியிருப்பார்கள். பல்லுக்குப் பத்து டிகிரி. அந்த இடைவெளி சென்சாரைக் கடந்து எத்தனை டிகிரி சுழன்றபின் முதல் பிஸ்டன் உச்சிக்கு வருகிறது என்பதை மனிதர்தான் அளந்து ஈசியுவுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஓர் எண் பிசகினால் நீ கவனமாக நிரப்பிய டைமிங் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் அதே அளவு பிசகும், திரையோ எப்போதும்போல் சரியாகவே காட்டும்.

என் டாட்சன் 120ஒய்க்கு நடந்தது இதுதான். பற்சக்கரம் பூட்டுவதற்காக வேறோர் எஞ்சினின் புல்லியைப் போட்ட பட்டறையில், அதிலிருந்த பழைய கோட்டையே நம்பி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். இங்கே ஜாலான் ஈப்போ சாலை நெரிசலில் வெப்பமுள் ஏறியபோதெல்லாம் தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர் என்று என் பணத்தில் மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, பொறி விழும் கணத்தில் மின்னிப் புல்லிக் கோட்டைக் காட்டும் டைமிங் லைட்டை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. நான் அளந்து பார்த்தபோது திரையில் 12, புல்லியில் 3. ஒன்பது டிகிரி தாமதமாக எரிந்த நெருப்பு பிஸ்டனைத் தள்ளுவதை விட்டுவிட்டு எக்ஸாஸ்டைத்தான் சுட வைத்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணைத் திருத்தியதும் முள் நடுவில் நின்றுவிட்டது.

என்னுடையது பின்தங்கியிருந்தது, சூடேறியதோடு போயிற்று. உன்னுடையது உதைக்கிறது என்றால் முந்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுழலும். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே கலவை எரிந்துவிட்டால் அதைத் திருப்பி அடிக்கும். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்து காட்டுவாயே, அதை இன்றோடு நிறுத்திவிடு. மணிக்கட்டு முறிந்துவிடும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் உண்மையான டிடிசி, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், எது என்று கண்டுபிடி. பேட்டரியைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, முதல் பிளக் துளையில், பிஸ்டனை உச்சிக்கு வரவிடாமல் தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகு. எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் முட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடு. எதிர்த்திசையில் சுழற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டிடிசி. கோட்டைக் கத்திமுனையால் கீறி, கீறலுக்குள் மட்டும் வெள்ளைச் சாயம் விடு. 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புல்லியில் ஒரு டிகிரி என்பது 1.3 மில்லிமீட்டர்தான், தூரிகையால் தடவிய பட்டைக் கோடு மூன்று டிகிரியை விழுங்கிவிடும். ஸ்டாப்பைக் கழற்றிய பிறகே பேட்டரியை மாட்டு.

அடுத்து மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிடு. பூட்டாமல் அளந்தால், ஐடிலிங்கை, அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டத்தை, சீராக வைக்க ஈசியு டைமிங்கை முன்பின் நகர்த்திக்கொண்டே இருக்கும்; கோடு ஓரிடத்தில் நிற்காது. லைட்டின் கிளிப்பை முதல் பிளக் வயரில் மாட்டி, வெளிச்சத்தில் கோடு 10-இல் நிற்கும்வரை திரையில் ஆஃப்செட் என்றிருக்கும் எண்ணை, மேலே சொன்ன அந்த இடைவெளிக் கணக்கை, மாற்று. திருகி டிகிரி பார்க்கும் வகை லைட் வேண்டாம். பொறிக்கு மின்சாரம் தரும் உன் இக்னிஷன் காயில், எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விடும் வகை என்பதால் அத்தகைய லைட் இரட்டிப்பாகக் காட்டக்கூடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீ நிறுத்தாதே. பூட்டிய நிலையிலேயே எஞ்சினை நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு ஏற்றிக் கோட்டைப் பார். 1000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 6 டிகிரி நகரும், 3000-இல் 18 டிகிரி. மின்சுற்றில் 0.1 மில்லி விநாடி தாமதம் இருந்தாலே கோடு ஒரு டிகிரிக்கு மேல் பின்வாங்கும். அதை மென்பொருளில் ஈடுகட்டலாம். கோடு தாறுமாறாக ஓடினால் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஈப்போவுக்கு முன்னால் வரும் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து ஏற்றம். சமதரையில் பாதி மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாகவே இருக்கும், மெதுவாக எரியும். முந்திய டைமிங்கைத் தாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் சிலிண்டர் நிரம்பிவிடும். அப்போது பத்து டிகிரி முந்தியிருந்தால் தகர டப்பாவில் சரளைக் கல்லைக் குலுக்கியதுபோல் சத்தம் வரும்; எஞ்சின் தட்டுகிறது என்பது இதைத்தான். உன் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே உள்வழி என்பதையும் மறக்காதே. பெட்ரோல் சமமாகப் பிரியாமல் எதற்குக் குறைகிறதோ அந்தச் சிலிண்டர்தான் முதலில் தட்டும். நால்வர் பேசிச் சிரித்துக்கொண்டு வரும் வண்டியில் அது உன் காதில் விழாமலே போகலாம், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அன்றைக்கு மட்டுமாவது எளிதில் தட்டாத ரோன் 97 பெட்ரோல் ஊற்று. உள்ளிழுக்கும் காற்று சூடாகும்போது டைமிங்கைப் பின்னிழுக்கும் அட்டவணை உன் ஈசியுவில் இருக்கிறது, அதையும் வெறுமையாக விட்டுவிடாதே. பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் கார்புரேட்டர் காலத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு எஞ்சினின் வேகமும் அது காற்றை உறிஞ்சும் வேக்குவமும்தான் தெரியும். நம் வெயில் தெரியாது. இதற்காகத்தான் இத்தனை செலவு செய்து மாற்றினோம்.

அப்பா உனக்கு விட்டுச்சென்ற வண்டி அது. பெண் அதில் போக வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை.

என் டைமிங் லைட்டையும் பிஸ்டன் ஸ்டாப்பையும் பட்டர்வொர்த் வரும் லோரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஃபோர்மன் அளக்கும்போது நீயும் பக்கத்தில் நின்று பார். ஐடிலிங்கில் எத்தனை, 3000-இல் எத்தனை என்ற இரண்டு எண்களையும் அன்று மாலையே எனக்கு அனுப்பு. அவை சரியாக இருந்தால் நானே வந்து உங்களை எதிர்கொள்கிறேன். கோலகங்சாரில் காத்திருந்து உன் பின்னாலேயே ஏற்றம் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்