மின்சேமிப்புப் பெட்டியும் மீட்டர் எண்ணும் யூனிட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் சில மாதங்களாக வீடு வீடாக வந்து விற்கப்படும் ‘மின்சேமிப்புப் பெட்டி’ குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். சோப்புப் பெட்டி அளவுள்ள அந்தப் பிளாஸ்டிக் கூட்டை ஏதேனும் ஒரு பிளக்கில் செருகிவிட்டால் மின்கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது விற்க வருவோரின் வாக்கு. விலை 1500 ரூபாய். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் வாங்கிவிட்டார்கள்.

வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் விற்பவர் வெறும் வாய்ப்பேச்சோடு வருவதில்லை. வீட்டு மோட்டாரை ஓடவிட்டு, ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஐந்து ஆம்பியர் ஓடுவதைக் காட்டுகிறார்; பெட்டியைச் செருகியதும் அது 4.8 ஆகக் குறைவதையும் காட்டுகிறார். காட்டுவது உண்மைதான். அதைக்கொண்டு கட்டணம் குறையும் என்று சொல்வதுதான் பொய்.

மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குவதற்காக மின்னோட்டத்தில் ஒரு பகுதியை வாங்கி, அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்தப் போக்குவரத்து விநாடிக்கு நூறு தடவை நடந்தாலும் அதனால் தண்ணீர் ஒரு சொட்டுகூட மேலே ஏறுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைத்துத் திருப்பித் தரும் பாகம், அந்தப் பகுதியைப் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்வதால், மின்கம்பத்திலிருந்து வரும் ஆம்பியர் சற்றுக் குறைகிறது. ஆனால் வீட்டு மீட்டர் ஆம்பியரை எண்ணுவதில்லை. உண்மையில் செலவான வாட்டை நேரத்தோடு பெருக்கி, ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்றுதான் அது கணக்கு வைக்கிறது. திரும்பிப் போன மின்னோட்டத்துக்கு அது முன்பும் காசு கேட்டதில்லை என்னும்போது, இனிமேல் எதைத் தள்ளுபடி செய்யும்?

இதை நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு துடிப்புக்கும் அதிலுள்ள சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை எண்ணினேன். பெட்டி இல்லாமல் 215, பெட்டியோடும் 215. பிறகு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, சிறிய மின்தடை ஒன்று, பெட்டி ‘வேலை செய்கிறது’ என்று நம்பவைப்பதற்கு ஒரு பச்சை விளக்கு. நேர்மையாகச் சொன்னால், ஆம்பியர் குறைவதால் வீட்டு ஒயரிங்கில் வெப்பமாக வீணாவதில் ஒரு வாட் அளவுக்கு மிஞ்சலாம். தினம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு அது 0.06 யூனிட்.

டெல்டா மக்களிடம் இந்தப் பொருள் எளிதாக விலைபோவதற்கு ஒரு காரணம் உண்டு. பம்புசெட்டுக்குக் கப்பாசிட்டர் பொருத்தும்படி மின்வாரியமே விவசாயிகளிடம் சொல்லிவருவதால், அந்தச் சொல் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே அதன் பயன் வேறு. குறுவைக்குப் பல மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, கடைமடைக்குத் தண்ணீர் மெலிந்து வருவதுபோல, நீண்ட மின்பாதையின் கடைசிக் கம்பத்துக்கு மின்னழுத்தமும் மெலிந்துதான் வந்து சேர்கிறது. கப்பாசிட்டர்கள் பாதையில் ஓடும் ஆம்பியரைக் குறைப்பதால் டிரான்ஸ்பார்மரின் சுமை இறங்கி அழுத்தம் ஓரளவு நிமிர்கிறது. விவசாயத்துக்கு மின்சாரமே இலவசம் என்பதால், அங்கே கட்டணக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெட்டி வாங்கிய என் பக்கத்து வீட்டுக்காரர் மீட்டர் பழுது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். முந்தைய கணக்கெடுப்பைவிடப் பத்து யூனிட்தான் கூடியிருக்க, கட்டணம் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காரணம் கட்டணப் படியில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய் ஆனதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய்ச் சலுகையும் கைவிட்டுப் போய், அவற்றுக்கும் 4.50 ரூபாய் கணக்கிடப்பட்டது. 2024 ஜூலையில் விகிதங்கள் உயர்ந்தபோதும் இந்த ஐந்நூறு யூனிட் படி மாறவில்லை.

அவர் வீட்டில் மிக்சியை அரைக்கும் நேரம் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். 750 வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்குதான். கூடத்தில் பழைய 75 வாட் மின்விசிறியோ நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றி, இரண்டு மாதத்தில் 67 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. அதன் ரெகுலேட்டரும் கை வைத்தால் சுடும் பழைய வகை என்பதால், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாவதில் ஒரு பகுதி சுவரிலேயே சூடாகப் போய்விடுகிறது. அதே இடத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 27 யூனிட்தான் எடுக்கும். அந்த நாற்பது யூனிட் குறைந்திருந்தால் அவருடைய 510 யூனிட் 470 ஆகி, அதே 2022 விகிதத்தில் கட்டணம் 1545 ரூபாயில் நின்றிருக்கும். பெட்டிக்குக் கொடுத்த பணத்தோடு ஏறத்தாழ அதே அளவு சேர்த்திருந்தால் அந்த விசிறியை வாங்கியிருக்கலாம்.

கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும், இத்தகைய பெட்டிகளால் வீட்டு மீட்டரின் கணக்கு குறையாது என்று தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கும்படி மின்வாரியத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்நூறு யூனிட்டில் கட்டணம் எப்படித் தாவுகிறது என்பதையும் அதே பலகையில் இரண்டு வரியில் எழுதிவைக்கலாம். சித்திரை வெயில் தொடங்குமுன் இது நடந்தால் நல்லது, ஏனெனில் விசிறிகள் இரவு பகலாக ஓடி மீட்டர் ஐந்நூறைத் தாண்டுவதும், பெட்டிக்காரர்கள் மறுபடி தெருவுக்குள் வருவதும் அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கூத்தாநல்லூர் வட்டம், திருவாரூர் மாவட்டம்.