முதன்முறையாக மேடையில் பியானோ வாசிக்கவிருக்கும் மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நம் பள்ளி அரங்கில் நடைபெறவிருக்கும் பியானோ நிகழ்ச்சியில், நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் 14 பேர் வாசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதற்கு முன் மேடையில் பியானோ வாசித்ததில்லை. கடந்த ஒரு வாரத்தில் பெற்றோர் சிலர் என்னைச் சந்தித்து, பிள்ளை இரவில் சரியாகத் தூங்குவதில்லை என்றும், நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று சொல்கிறாள் என்றும், பேசாமல் பெயரை எடுத்துவிடலாமா என்றும் கேட்டார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

அந்த வயிற்றுவலி பொய்யன்று. பலர் முன்னால் தனியாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற நினைப்பு வந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் மந்தமாகி வயிற்றைக் கலக்குகிறது. ஓடுவதற்கும் எதிர்த்து நிற்பதற்கும் உடல் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு, மெல்லிய விரல் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அப்படிச் சொல்லும்போது, ஏற்கெனவே இருக்கும் படபடப்போடு, அம்மா சொல்லியும் பயம் போகவில்லையே என்ற இன்னொரு கவலையும் அந்தக் குழந்தையிடம் சேர்ந்துகொள்கிறது. "கை சில்லென்று ஆவதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் எல்லோருக்கும் வரும், வாசிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அது குறையத் தொடங்கும்" என்று நடப்பதை நடப்பதாகவே சொன்னால் போதும்.

பெரும் கலைஞர்களும் இதிலிருந்து தப்பவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவரான விளாதிமிர் ஹோரோவிட்ஸ், 1953ஆம் ஆண்டு மேடையைவிட்டு விலகி, 12 ஆண்டுகள் பொதுமக்கள் முன் வாசிக்காமலே இருந்தார். 1965ஆம் ஆண்டு மே 9 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் மீண்டும் மேடையேறியபோது, தொடக்கப் பகுதியிலேயே சில தவறான சுரங்கள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை, நிகழ்ச்சியை முழுமையாக வாசித்து முடித்தார். உலகமே எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு கச்சேரியின் முதல் நிமிடத்தில் அவருக்கே அது நேர்ந்தது என்று வகுப்பில் நான் சொன்னபோது, பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு விழாவில் பியானோ வாசிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் இடது கை எங்கோ சென்றுவிட்டது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றேன். மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் எழுந்து உள்ளே போய்விட்டேன். நான் பயிற்சி செய்யாமல் வந்தவன் என்று பலர் நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்தப் பாடத்தை நூறு தடவைக்கு மேல் வாசித்திருந்தேன். ஆனால் நூறு தடவையும் முதல் சுரத்திலிருந்தே தொடங்கியிருந்தேன். நடுவிலிருந்து தொடங்க எனக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியில், "பரவாயில்லை, மற்ற பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் வாசித்தார்கள்" என்று ஆறுதலாக நினைத்து ஒரு பெரியவர் சொன்னார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் பியானோவைத் தொடவில்லை.

அதனால்தான் இந்த மூன்று வாரங்களில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விரல்களின் பழக்கத்தால் மட்டும் மனத்தில் பதிந்த ஒரு பாடம் சங்கிலியைப் போன்றது. ஒவ்வொரு சுரமும் அடுத்ததை இழுத்து வருகிறது, ஒரு கண்ணி அறுந்தால் பின்னாலிருப்பவை எதுவும் வருவதில்லை. ஆகவே பாடத்தின் நடுவே, பிள்ளை எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளக்கூடிய சில நிறுத்தங்கள் இருக்க வேண்டும். நம் மாணவர்களில் ஐந்து பேர் வாசிக்கவிருக்கும் ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அன்னா மக்தலேனா பாக்கின் 1725ஆம் ஆண்டு இசை நோட்டில் உள்ளதும், நெடுங்காலம் அவருடைய கணவரும் புகழ்பெற்ற இசையமைப்பாளருமான யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றியதாகவே கருதப்பட்டு, பின்னர் இசையமைப்பாளர் கிறிஸ்டியன் பெட்ஸோல்டுடையது என அறியப்பட்டதுமான இந்தச் சிறிய பாடத்தில் மொத்தம் 32 பார்கள், அதாவது சம தாள அளவுள்ள சிறு பகுதிகள். எட்டு எட்டாகப் பிரித்தால் நான்கு இடங்கள் கிடைக்கின்றன. அந்த நான்கு இடங்களிலும் இசை ஆசிரியை பென்சிலால் 1, 2, 3, 4 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் நீங்கள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல, பிள்ளை அங்கிருந்து வாசிக்கட்டும். முதலில் 4, பிறகு 2, பிறகு 3 என்று ஒழுங்கின்றிக் கேளுங்கள். இதைச் செய்ய உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடம் பழகிய பின், பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று குக்கர் விசில் அடிக்கட்டும், தம்பி கதவைத் திறந்துகொண்டு வரட்டும். தடுமாறினாலும் அடுத்த எண்ணுக்குத் தாவிப் பாடத்தை முடிப்பது ஒன்றே அன்றைய பயிற்சி. தடுமாறிய சுரத்தைத் திரும்பப் போய்த் திருத்தும் பழக்கம் தினசரிப் பயிற்சியில் தேவைதான். ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது, என்ன நடந்தாலும் திரும்பாமல், மேடையில் வாசிப்பதைப் போலவே கடைசிவரை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பியானோவைப் பற்றியது. உங்களில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது 61 கட்டைகள் கொண்ட எலக்ட்ரானிக் கீபோர்டு. அதில் பழகுவதில் தவறில்லை. எல்லோராலும் பியானோ வாங்கிவிட முடியாது, வாங்க வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் அரங்கில் இருக்கும் 88 கட்டைப் பியானோவில் ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்ட வேண்டியிருப்பதால், விரலுக்கு அது கனமாகத் தெரியும். வீட்டில் மென்மையாகத் தொட்டே பழகிய குழந்தை அங்கே தொடும்போது சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். சில எதிர்பாராத அளவு உரக்க ஒலிக்கும். பலர் மேடைப் பயம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு பகுதி இந்தப் பழக்கமின்மையே என்பது என் கருத்து. எனவே வரும் திங்கள்கிழமை முதல் தினமும் மாலை பள்ளி முடிந்ததும் அரங்கு திறந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு முறை, பதினைந்து நிமிடம் வீதம் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த நாள்களில் வேன் ஏற்பாட்டைச் சற்று மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கால் தரையில் எட்டாத பிள்ளைகளுக்காகச் சிறு மரப்பலகைகள் செய்து வைத்திருக்கிறோம். இருக்கையின் உயரத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளவும் பழக்கி வருகிறோம்.

சுரக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாசிக்கலாம். தாளில்லாமல் மேடையில் வாசிப்பதென்பது 19ஆம் நூற்றாண்டில் கிளாரா ஷூமன், ஃபிரான்ஸ் லிஸ்ட் போன்ற பியானோ கலைஞர்களால் பரவிய வழக்கமேயன்றி, இசையின் விதியன்று. மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளையும் தாளை எதிரில் வைத்துக்கொள்ளட்டும்.

படபடப்பில் இருப்பவர்கள் தங்களை அறியாமலே மிக வேகமாகத் தொடங்கிவிடுவார்கள். பிறகு கடினமான வரி வரும்போது விரல் ஓடாது. இதைத் தவிர்க்க, உட்கார்ந்தவுடன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடினமான வரியை மனத்துக்குள் ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்து, அதே வேகத்தில் முதல் வரியைத் தொடங்கும்படி சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த இடைவெளி அரங்கில் நீண்ட மௌனமாகத் தெரியலாம். பிள்ளை மறந்துவிட்டது என்று எண்ணி யாரும் கைகாட்டவோ பெயர் சொல்லி அழைக்கவோ வேண்டாம். மூச்சுப் பயிற்சியும் உண்டு. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைவதால், நீண்டு விடும் மூச்சு உடலை அமைதிப்படுத்துகிறது. இதை இரவில் படுக்கும்போது நீங்களும் பிள்ளையோடு சேர்ந்து செய்தால், அன்று மேடைக்குப் பின்னால் அது புதிதாக இருக்காது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டுப் பாவாடையோ புதுச் சட்டையோ எதுவானாலும் சரி, அதை அணிந்துகொண்டு வீட்டில் ஒரு முறையாவது முழுப் பாடத்தையும் வாசித்துப் பார்க்கட்டும். கட்டையில் இடிக்கும் வளையல்களும், பெடலில் வழுக்கும் புதுச் செருப்பும் வேண்டாம். அன்று மதியம் தயிர்சாதம் போன்ற எளிய உணவு போதுமானது. அரங்கின் ஏசியில் விரல்கள் விறைத்துப் போகாமலிருக்க ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். கையை நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்காதீர்கள். மேடையிலிருந்து திரும்பிப் பார்க்கும் குழந்தை, அம்மாவின் முகத்தைத் தேடும் இடத்தில் கைப்பேசியைக் காணக் கூடாது. பள்ளியே ஒரே இடத்திலிருந்து பதிவு செய்து, அவரவர் பகுதியை அவரவருக்கு அனுப்பிவைக்கும். அந்தப் பதிவையும் குடும்பக் குழுக்களில் போடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாசித்து முடித்து வரும் பிள்ளையிடம், எங்கே தவறியது என்று அன்றிரவு கேட்க வேண்டாம். அது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். இன்னொரு பிள்ளை எப்படி வாசித்தது என்ற பேச்சும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "இரண்டாவது பக்கத்தில் மெதுவாக வாசித்தாயே, அது எனக்குப் பிடித்திருந்தது" என்பதுபோல. பொதுவாக "சூப்பர்" என்பதைவிட அது நெடுநாள் நினைவில் நிற்கும்.

பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்ட பெற்றோருக்கு என் பதில் இதுதான்: இப்போதே எடுக்க வேண்டாம். அரங்கில் சில நாள்கள் பழகிப் பார்க்கட்டும். இத்தனைக்குப் பிறகும், நிகழ்ச்சி நாளன்று தன் முறை வரும்போது ஒரு பிள்ளை மேடையேற மறுத்தால், யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். அறிவிப்பில் அந்தப் பெயர் வாசிக்கப்படவும் மாட்டாது. எல்லோரும் கலைந்து சென்ற பின் அரை மணி நேரம் பியானோ திறந்தே இருக்கும். இசை ஆசிரியையும் நானும் அங்கே இருப்போம். வெறும் நாற்காலிகளுக்கு நடுவே நீங்களும் வந்து உட்கார்ந்தால், அந்தப் பிள்ளை அப்போது வாசிக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்