நைட் டியூட்டி சிஸ்டருக்கு நன்றி

குடியாத்தம் பக்கம் எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் என் பொண்ணு பொறந்தா, டெலிவரி முழுக்க பாத்தது நைட் டியூட்டி சிஸ்டர்தான், அவங்க பேர் தெரியல, அதான் இங்க எழுதறேன்.

வலி எடுத்ததும் படுக்க வெச்சிடுவாங்கன்னு நெனச்சேன், அவங்க எழுந்து நட, தண்ணி குடி, கஞ்சி வேணும்னா குடின்னாங்க. ஜன்னல் கம்பிய புடிச்சிகினு நான் குனியறப்பல்லாம் பின்னாடி வந்து உள்ளங்கையால இடுப்ப நல்லா அழுத்தி புடிச்சாங்க பாருங்க, அப்பத்தான் மூச்சே வந்துச்சு. "இன்னாத்துக்கு பயப்படற, நான் கீறேன் இல்ல"ன்னு சொல்லிகினே அப்பப்ப டாப்ளர் வெச்சி குழந்தையோட துடிப்ப பாத்து பிரசவம் எப்படி போவுதுன்னு காட்டற பார்ட்டோகிராஃப் சார்ட்ல குறிச்சிகினே இருந்தாங்க. எங்கம்மாவையும் வெளிய அனுப்பல, கூட ஒருத்தர் இருக்கறது நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஆனா எத்தன எடத்துல விடறாங்க சொல்லுங்க?

சிக்கல்னா 108 கூப்ட்டு வேலூர் பக்கம் அடுக்கம்பாறைல இருக்கற ஜிஹெச்சுக்கு அனுப்பிடுவோம்னு முன்னாடியே தெளிவா சொல்லிட்டாங்க.

பொறந்ததும் புள்ளைய தொடச்சி என் நெஞ்சுமேல போட்டு துணி போத்தி விட்டாங்க, தொப்புள்கொடி துடிப்பு அடங்கின அப்புறம்தான் கட் பண்ணாங்க, கொடில இருக்கற ரத்தமும் குழந்தைக்கு போய் சேந்தா ரத்தசோகை வராம இருக்க உதவும்னாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பாலும் குடிச்சிட்டா.

சிஸ்டர், நீங்க இத பாத்தா கண்டிப்பா எங்க வீட்டுக்கு வரணும், உங்க கைல புள்ளைய குடுக்கணும்னு எங்கம்மா கேட்டுகினே இருக்காங்க. ரொம்ப ரொம்ப நன்றிங்க சிஸ்டர்.