ரீச்சர், அந்தக் கொப்பிகளைக் கொடுத்துவிடாதீர்கள்

அன்பும் மதிப்பும் நிறைந்த ரீச்சருக்கு,

சந்தையில் உங்கள் மருமகளைக் கண்டேன். தொண்ணூறாவது பிறந்தநாள் முடிந்த கையோடு வீட்டை ஒதுக்கத் தொடங்கிவிட்டீர்களாம். நாள்தோறும் மழையை அளந்து எழுதிவந்த மழைக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னீர்களாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருகோணமலை உவர்மலையில் உள்ள உங்கள் வீட்டுக்கு நேரே வந்தால் தேநீர் தந்து பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால் எனக்குத் துணைக்கு வருவார்கள்.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விஞ்ஞானம் கற்பித்த தலைமுறை நீங்கள். ஒட்சிசன், நைதரசன், காபனீரொட்சைட்டு என்று நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது அவை நம் வீட்டுச் சொற்கள் போலவே இருந்தன. எட்டாம் வகுப்பில் ஒருநாள் நேரான சுவருள்ள தகரப் பேணி ஒன்றை மேசையில் வைத்தீர்கள். "இதில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால், முற்றத்தில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஒரு லீற்றர் விழுந்திருக்கிறது" என்றீர்கள். அன்று மாலை நான் வீட்டு முற்றத்தைக் காலடியால் அளந்து பெருக்கிப் பார்த்தேன். வந்த விடையை அம்மா நம்பவில்லை.

பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அழைத்துப் போனீர்கள். ஏழு கிணறுகளிலும் வெப்பமானியை விட்டு, ஏழு எண்களை எழுதச் சொன்னீர்கள். தாயின் கிரியைக்காக இராவணன் தோண்டியவை என்று நாங்கள் சொன்னபோது மறுக்கவில்லை. "கதை இருக்கட்டும், சூடு எவ்வளவு என்று பார்" என்றீர்கள். எரிமலையே இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி என்று கேட்டோம். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்பு வழியே திரும்பி வருகிறது என்று சொன்னீர்கள். அதுவும் மழைதான் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய செய்தி.

1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு தொடங்கிய வழக்கம் உங்களுடையது. காலை 8.30க்குப் பேணியைப் பார்ப்பீர்கள், எழுதுவீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பக்கங்கள் நிறைந்திருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் பூச்சியமாகவே போகும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கீழிறங்கும் காற்று ஏன் இங்கே அனலாக வருகிறது என்பதை அந்தப் பூச்சியங்களைக் காட்டித்தான் விளக்கினீர்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. இறைத்துத் தள்ளினால் சரியாகிவிடும் என்று நீர் இறைக்கும் இயந்திரங்களோடு இறங்கினோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நீங்கள் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குடையை ஊன்றிக்கொண்டு முகாமுக்கு வந்தீர்கள். கண்ணாடிக் குவளையில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாகச் சாயம் கலந்த நல்ல தண்ணீரை மெல்ல விட்டீர்கள். அது கலக்காமல் மேலே நின்றது. "மணலுக்கு அடியிலும் இப்படித்தான். மேலே நிற்கும் நல்ல தண்ணீரை அவசரப்பட்டு இழுத்தால் கீழே கிடக்கும் உப்பு ஏறி வரும். ஒருமுறை இறைத்துச் சேற்றை எடுங்கள், பிறகு மழையிடம் விடுங்கள்" என்றீர்கள். எவ்வளவு மழை வேண்டும் என்று ஒரு மீனவர் கோபத்தோடு கேட்டார். அவருக்கு வீடும் இல்லை, வலையும் இல்லை. நீங்கள் அவர் பக்கத்தில் அமர்ந்து, கொப்பியைத் திறந்து, முந்திய பத்து மாரிகளின் கணக்கையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினீர்கள். அவர் கடைசி வரை கேட்டார். அடுத்த மாரி கழிந்த பிறகுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடிந்தது.

புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மறுநாள் காலையும் நீங்கள் முற்றத்துக்கு இறங்கினீர்களாம். அந்த வயதில் வழுக்கும் படியில் இறங்கியதற்கு நான் இன்னும் உங்களோடு கோபம்தான்.

ஆனால் நான் காக்க நினைப்பது எழுதிய பக்கங்களைக் காட்டிலும் எழுதாத பக்கங்களை. 1990 ஆம் ஆண்டுக் கொப்பியில் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கோடுகள் மட்டும் இருக்கின்றன. போரால் ஊர் இடம்பெயர்ந்த நாட்கள். கோடையில் எப்படியும் மழை இருந்திராது, பூச்சியம் போட்டு நிரப்பிவிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். நீங்கள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "பூச்சியம் என்றால் மழை பெய்யவில்லை என்று பொருள். வெறுமை என்றால் நான் அங்கே இல்லை என்று பொருள். இரண்டையும் கலக்காதே" என்றீர்கள். அந்த நாட்களைப் பற்றி வேறு ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த வெறும் கோடுகளையா பழைய பேப்பருக்குப் போடுவது?

வரும் சனிக்கிழமை காலை பெட்டியோடு வருகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுப்போம், வெறும் பக்கங்களையும் சேர்த்து. அதுவரை மருமகளிடம் சொல்லி அலமாரியைப் பூட்டி வையுங்கள்.

எங்கள் முற்றத்திலும் ஒரு பேணி வைத்திருக்கிறேன். இன்று காலை 8.30க்கு 14 மில்லிமீற்றர். உங்களுடையதில் எவ்வளவு?

உங்கள் மாணவன்