விருதுப் பட்டியலின் கடைசி வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கெடா மாநிலச் சுல்தானின் பிறந்தநாளையொட்டி விருது பெற்றவர்கள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். டத்தோ பட்டம் பெற்ற நம்மவர்களின் படங்கள் முதல் பக்கத்தில் இருந்தன. உள்ளே பக்கம் பக்கமாக வாழ்த்து விளம்பரங்கள். ஒரே முகம் ஐந்து விளம்பரங்களில் சிரித்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், விளம்பரம் வந்தால்தான் பத்திரிகை நடக்கும். ஆனால் பி.ஜே.கே., பி.கே.எம்., ஏ.எம்.கே. ஆகிய கீழ்நிலை விருதுகள் பெற்றவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ‘மேலும் பலர் விருது பெற்றனர்’ என்று செய்தியை முடித்துவிட்டீர்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பின்வரிசை வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற தாதி அந்தப் ‘பல’ரில் ஒருவர். காலையில் அப்பம் வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு இது தெரியவந்தது.

என் அப்பா ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். 1983இல் அவருக்குப் பி.ஜே.கே. கிடைத்தது. ‘பிங்காட் ஜாசா கெபாக்தியான்’ என்பது அதன் முழுப்பெயர், சேவைக்கான பதக்கம். பதக்க வரிசையில் கீழ்ப்படிதான். பெயருக்கு முன்னால் எதையும் போட்டுக்கொள்ள முடியாது, பின்னால் மூன்று எழுத்து சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஆனாலும் முதல் நாளே ஒத்திகைக்கு வரச்சொன்னார்கள். எங்கே நின்று வணங்குவது, எத்தனை அடி பின்னோக்கி நடப்பது என்பதையெல்லாம் வீட்டுக் கூடத்தில் அம்மாவைச் சுல்தானாக நாற்காலியில் உட்காரவைத்துப் பழகினார். அணியவேண்டிய சொங்கோக் தொப்பி எங்கள் வீட்டில் ஏது? தோட்ட அலுவலகத்து மலாய்க் கிராணி தன்னுடையதைக் கொடுத்தார். அது அப்பாவின் தலைக்குப் பெரிது. உள்ளே மடித்து வைத்த தாள் தங்கள் நாளிதழ்தான். எங்கள் வீட்டில் வேறு தாள் கிடையாது.

அந்தப் பதக்கத்தை அம்மா வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால், திருநீறு தொட்டுத் துடைத்து வைப்பார். பெட்டியின் வெல்வெட் மூடிக்குள் ஒரு செய்தி நறுக்கு இருக்கும். அந்த ஆண்டு தாங்கள் வெளியிட்ட பட்டியல் அது. டத்தோவிலிருந்து பி.ஜே.கே. வரை, நம்மவர் பெயர்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில். அரசாங்கப் பட்டியல் ரூமி (ரோமன்) எழுத்தில் வந்ததால் அப்பாவின் பெயரிலுள்ள ழகரம் லகரமாகிவிட்டிருந்தது. தலைமையாசிரியர் அல்லவா! நறுக்கிலேயே மைப்பேனாவால் திருத்தியிருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. யாருக்கு எந்த விருது என்று தாங்கள் எழுதுவதே இல்லை; ‘டத்தோ பட்டம் பெற்றார்’ என்பதோடு சரி. மலேசியாவில் மாமன்னர், 9 மலாய் ஆட்சியாளர்கள், பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநிலங்களின் 4 ஆளுநர்கள் என்று 14 இடங்களிலிருந்து விருதுகள் வருகின்றன. மாமன்னர் தந்தால் ‘டத்தோக்’. கடைசி ககரம் உச்சரிப்பில் தொண்டையோடு நின்றுவிடும். சுல்தான் தந்தால் ககரமில்லாத ‘டத்தோ’. மலாய்ப் பத்திரிகை இதைக் கவனமாகப் பிரித்து எழுதும். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. கெடாவிலேயே டத்தோ பட்டம் தருபவற்றில் டி.எஸ்.டி.கே. ஒரு விருது, டி.பி.எம்.கே. வேறொரு விருது. மாமன்னர் தரும் டான்ஸ்ரீ பட்டத்திலும் இரண்டு வகை: பி.எம்.என்., பி.எஸ்.எம். ஒவ்வொன்றையும் ஒரே காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் வைத்திருக்க முடியாது. ஓர் இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு. துன் பட்டம் தரும் எஸ்.எம்.என். விருதுக்கு 25 பேர்தான். இத்தனை கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவதை ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நியாயமா? எந்த விருது, யார் தந்தது என்று எழுதும் வழக்கம் இருந்தால், ‘சூலு சுல்தான்’ என்று சொல்லிக்கொள்ளும் ஊர்பேர் தெரியாதவர்களிடம் வாங்கிவந்த பட்டங்களை நம் மேடைகளில் அறிவிக்கவும் கொஞ்சம் கூச்சம் வரும். அத்தகைய பட்டங்களுக்கு எதிராக 2017இல் சட்டமே வந்துவிட்டது.

டி.பி.எம்.கே. என்பதன் விரிவு ‘டத்தோ படுக்கா மக்கோத்தா கெடா’. படுக்கா நம் பாதுகை, மக்கோத்தா நம் மகுடம். காலில் கிடப்பதும் தலையில் இருப்பதும் ஒரே பட்டத்துக்குள்! பரதன் பாதுகையை அரியணையில் வைத்த கதை தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை. சுல்தானை ‘டூலி யாங் மஹா மூலியா’ என்கிறோமே, அந்த டூலியும் தூளிதான், திருவடித் தூசி. வடமொழி இங்கே வந்து மலாய் அரண்மனைக்குள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. நாமும் இந்த ஊரைக் கடாரம் என்று எழுதிவந்தவர்கள். பட்டத்தின் முழுப்பெயரைப் போட்டால் வாசகர்கள் இதையெல்லாம் தாங்களே கண்டுகொள்வார்கள். டத்தோக் என்றால் மலாயில் தாத்தா என்பதையும்தான். சிலாங்கூரில் 45 வயது நிரம்பாதவர்களுக்கு டத்தோ பட்டம் இல்லை என்று வைத்திருக்கிறார்கள். சொல்லுக்கும் வயதுக்கும் கொஞ்சமாவது பொருத்தம் வேண்டுமே. (டத்தோவின் மனைவி டத்தின் ஆகிறார், பட்டம் பெண்ணுக்கு என்றால் கணவருக்கு ஒன்றும் கிடையாது. இதை என் கணவர் எழுதச் சொன்னார்.)

அடுத்த பிறந்தநாள் பட்டியல் வரும்போது அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் வேண்டாம், பெயரும் விருதும் ஊரும் போதும். தாதிமார், ஆசிரியர்கள், கோயில் தலைவர்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்த்து விளம்பரம் கொடுக்க யாருமில்லை.

இவ்வாண்டுப் பட்டியலை இப்போது வெளியிட்டாலும் தாமதமில்லை. பின்வரிசை வீட்டுத் தாதியிடம் அவர் பெயரைத் தமிழில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்பிவைப்பேன். அதிலும் ஒரு ழகரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கைப் பட்டாணி, கெடா