தாய் வீட்டுக்குப் போகும் பெண்ணோடு அவள் பி.பி. கணக்கும் போக வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மருத்துவத் துறையில் செயற்கை நுண்ணறிவு வரப்போகிறது, வந்துவிட்டது என்று செய்தி வராத வாரமே இல்லை. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் துறைக்குள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு அவதாரமாக வந்தபோதெல்லாம் அதற்கு என்ட்ரி போட்டவர்களில் ஒருத்தி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் வந்தது பிக்மி, கர்ப்பிணிகளைப் பதிந்து கண்காணிக்கும் தமிழ்நாடு அரசின் கம்ப்யூட்டர் பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு எண். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் வேண்டும் என்று ஆனதும், தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்கள்கூட "சிஸ்டர், நம்பர் போட்டுக் கொடுங்க" என்று துணை சுகாதார நிலையத்தைத் தேடி வந்தார்கள். ஒரு தாய்கூட கணக்கில் விடுபடக் கூடாது என்பதுதான் அன்றைய நோக்கம். நல்ல நோக்கம், பெருமளவுக்கு நடக்கவும் செய்தது.

அப்புறம் கொரோனா. பேச்செல்லாம் தடுப்பூசி பதியும் கோவின் பக்கம் போனது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கும் நல்ல திட்டம், அதற்கும் ஒரு ஆப். அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. ஆளுக்கு 14 இலக்கத்தில் ஆபா எண், அவரவர் மருத்துவ ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆப்கள், எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வயது, அதே முகவரி. போதாக்குறைக்கு ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டும்.

ஆபா எண் போட ஆதாருக்கு ஓ.டி.பி. வரும். ஆதாரில் இருப்பதோ கணவரின் போன் நம்பர். அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பார். அந்தப் பெண் தன் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, அவர் எடுத்து, எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். திரும்ப முதலில் இருந்து. மீட்டிங்கில் எத்தனை பேருக்கு எண் போட்டாய் என்று கேட்பார்கள். அந்த எண்ணில் ஒரு ரிப்போர்ட்டாவது சேர்ந்ததா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இத்தனை இருந்தும் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. நம் ஊரில் முதல் பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான். அதாவது, பழைய கணக்கு எப்போது மிகவும் தேவையோ, சரியாக அப்போது அவள் ஊரையும் நர்சையும் டாக்டரையும் மாற்றுகிறாள். இங்கே 110/70 இருந்தவளுக்கு அங்கே 130/84 என்றால், முதல்முறை பார்க்கும் நர்சுக்கு அது நார்மலாகத்தான் தெரியும். முந்தைய ரீடிங்கைப் பார்த்தவளுக்குத்தான் மனசில் பொறி தட்டும்.

பிக்மி எண் அவளோடு போகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு ஹை ரிஸ்க் மதர், அதாவது சிக்கல் வர வாய்ப்பு அதிகம் உள்ள கர்ப்பிணி, ஊருக்கு வந்திருக்கிறாள் என்பது அங்கிருக்கும் சிஸ்டருக்கு எப்போது தெரியும்? அந்தப் பெண்ணே தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றால்தான். அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருந்தால் அதுவும் இல்லை. தனியாரில் எடுத்த ஸ்கேனும் சர்க்கரை டெஸ்ட்டும் பிளாஸ்டிக் கவரில். என் காலத்தில் நானே அந்த ஊர் சிஸ்டரின் நம்பரை விசாரித்துப் போன் போட்டுச் சொல்வேன். எல்லா சிஸ்டர்களும் இப்படித்தான் சமாளித்தோம். நாங்கள் இரவில் வீட்டில் உட்கார்ந்து போட்ட என்ட்ரி எல்லாம் மேலே போகும், சதவீதமாகத் திரும்பி வரும்.

செயற்கை நுண்ணறிவை நான் பழிக்கவில்லை. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து இது காசநோயாக இருக்கலாம் என்று அது சொல்வதை 2021இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு முறை முன்னுரிமை மாறும்போதும் பழைய வேலை பாதியில் நிற்கிறது, அதைச் செய்த ஆள் புதிய ஆப்புக்குப் பயிற்சி எடுக்கப் போய்விடுகிறாள்.

ரிஜிஸ்டரை உடனே ஒழியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை, தகவல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியபோது, அத்தனை பெரிய ஆஸ்பத்திரியே ஏறக்குறைய இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாக வேலை பார்த்தது. எங்கள் பக்கம் சர்வர் டவுன் ஆக ஹேக்கர்கூட வேண்டாம், ஒரு மழை போதும். வாரம் ஒருமுறை அந்தந்த ஏரியா தாய்மார்களின் லைன் லிஸ்டை, அதாவது ஒவ்வொருவர் விவரமும் வரிசையாக உள்ள பட்டியலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால் இரண்டு முறை எழுதும் வேலை மிச்சமாகும், நெட் போன நாளிலும் கையில் கணக்கு இருக்கும்.

ஏதாவது ஒரு மாவட்டத்திலாவது அரசு இதைச் செய்து பார்க்கட்டும். ஹை ரிஸ்க் என்று குறித்த பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள் என்று இங்கிருக்கும் சிஸ்டர் பதிந்தவுடன், அங்கிருக்கும் சிஸ்டருக்கும் பி.எச்.சி. டாக்டருக்கும் போனில் தகவல் போக வேண்டும். கடைசியாக எடுத்த மூன்று பி.பி. ரீடிங், ஹீமோகுளோபின், சர்க்கரை, என்ன மாத்திரை, எந்த வாரம். இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூட வேண்டியதில்லை. பணம் எடுத்த நிமிஷமே பேங்கில் இருந்து வருகிறதே, அந்த மாதிரி ஒரு எஸ்.எம்.எஸ். போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பெரம்பலூர் மாவட்டம்.